முழுப் பேர்

தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் பெயர் மட்டும் இல்லை, ஒரு நாள் சம்பளமும் அதுதான். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் முழுப் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். மழையில் நனைந்து வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னைக்கு அரைப் பேருதான்" என்று அம்மா சொன்னால், அன்று இரவு எங்கள் லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு அறையில், யாரும் அதிகம் பேச மாட்டோம்.

நான் பேர் கூப்பிட்டுப் பிழைப்பவன். மைதானத்திலும் குத்துச்சண்டை ரிங்கிலும் மைக் பிடிக்கும் அறிவிப்பாளர். இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தேன், இப்போது ஹட்டனில் குடியிருக்கிறேன், மலையகம் முழுக்க பஸ்ஸில் அலைகிறேன். இந்தத் தொழிலுக்குள் எப்படி வருவது என்று பையன்கள் போன் எடுத்துக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்லி மாளவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தொடக்கம் கோயில் திருவிழா. தாய்மாமா ஒலிபெருக்கி செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். நான் வயர் சுற்றுவேன், பெட்டரி தூக்குவேன், ஹோர்னை முதுகில் கட்டிக்கொண்டு சவுக்கு மரத்தில் ஏறுவேன். ஏறுவதற்கு முன்னால் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம். சிரிக்காதீர்கள். கூட்டுக்குக் கீழேயே ஹோர்னைக் கட்டிவிட்டு, பாட்டுப் போட்ட மூன்றாவது நிமிடம் தேர் ஊர்வலமே தேயிலைக்குள் பாய்ந்ததைப் பார்த்தவன் நான்.

பதின்மூன்று வயது இருக்கும். மாமா சாப்பிடப் போயிருந்தார். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையைக் கையில் பிடித்தபடி ஒருவர் வந்து நின்றார். பேர் கேட்டால் அது "பாப்பா" என்றது. நான் மைக்கைப் போட்டு, பாடசாலைப் பேச்சுப் போட்டிக் குரலில், "அன்பார்ந்த பக்தகோடிகளே, குழந்தையொன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது, உரியவர்கள் உடன் வருகை தந்து பெற்றுக்கொள்ளுமாறு" என்று நீட்டினேன். யாரும் வரவில்லை. இரண்டு தடவை சொன்னேன், அப்பவும் வரவில்லை. மாமா வாயில் சோற்றோடு ஓடி வந்து மைக்கைப் பிடுங்கினார். "மூணு வயசு ஆம்பளப் புள்ள. மஞ்சச் சட்டை. ஒரு கால்ல மட்டும் செருப்பு. மைக் செட் கிட்ட நிக்குது." நிறுத்தினார். மூச்சு விட்டார். அதையே, ஒரு சொல் மாறாமல், மறுபடி சொன்னார். இரண்டாவது தடவை முடியும் முன்பே மற்றச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள்.

கண்ணுக்குப் படுவதை முதலில் சொல்லு, இடத்தைச் சொல்லு, வாயை மூடு, அப்புறம் அதே சொற்களால் திருப்பிச் சொல்லு. அதே சொற்கள் என்பது முக்கியம். இரண்டாம் தடவை வேறு மாதிரிச் சொன்னால், இது வேறு குழந்தையாக்கும் என்று கூட்டம் நினைத்துக்கொள்ளும்.

மாமாவுக்கு இலங்கை வானொலிப் பைத்தியம். அவருடைய கூட்டாளிகள் வந்தால், அறிவிப்பாளர்களில் கே.எஸ்.ராஜாவின் வேகமா, பி.எச்.அப்துல் ஹமீதின் உச்சரிப்பா என்று நடுச்சாமம் வரை சண்டை போடுவார்கள். நான் ராஜா கட்சி. அந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் 2011இல் ஒரு தோட்டத்துத் தீபாவளி சொஃப்ட்போல் கிரிக்கெட் போட்டிக்கு மைக் பிடித்தேன். காசு கிடைத்த முதல் வேலை அது. 500 ரூபாயும் ஒரு சோற்றுப் பார்சலும். அந்த வருடம் ஒப்பந்தப்படி அம்மாவுக்கு எல்லாப் படியும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 515 ரூபாய். நிழலில் உட்கார்ந்து வாயாடினதற்கு ஏறக்குறைய ஒரு முழுப் பேர். எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ஒரு பந்து விடாமல் வர்ணித்தேன். பந்து வீச்சாளர் ஓடி வருகிறார், வீசுகிறார், அடிக்கிறார், பந்து எல்லைக் கோட்டை நோக்கி... இரண்டாவது மெட்ச் நடக்கும்போது ஒரு பெரியவர் மேசைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தம்பி, நல்லாப் பேசுறீங்க. ஆனா எங்களுக்கும் கண்ணு இருக்கு."

வர்ணனை வேறு, அறிவிப்பு வேறு. நேர்முக வர்ணனை வராதவனுக்கு. அறிவிப்பு வந்து உட்கார்ந்திருப்பவனுக்கு. கண்ணெதிரே நடப்பதை நாம் சொன்னால் அவனுக்கு எரிச்சல்தான் வரும். அவனுக்குத் தெரியாதது எதுவோ அதைச் சொல்ல வேண்டும்: இன்னும் எத்தனை ஓட்டம், எத்தனை பந்து, இப்போது உள்ளே வருகிற பையன் யார், எந்தப் பிரிவு, போன மெட்சில் என்ன செய்தான். ஓவருக்கு ஓவர் ஒரு வரி போதும். கரப்பந்தாட்டம் என்றால் இன்னும் கறார்: பந்து தரையில் விழுந்து விசில் ஊதின பிறகுதான் வாய் திறக்கலாம், அடுத்த சேவிஸுக்கு முன் மூடிவிட வேண்டும்.

ஆனால் எங்கள் ஊரில் கண் இருந்தும் தெரியாத நேரம் உண்டு. ஹட்டன் டன்பார் மைதானத்தில் பின்னேரம் இரண்டரை மணிக்கு மூடுபனி இறங்கினால், முதலில் எதிர்ப்பக்கத்துக் கூட்டம் காணாமல் போகும், அப்புறம் கோல் கம்பம், அப்புறம் பந்து. மத்தியஸ்தர் போட்டியை நிறுத்தும் வரைக்கும் விளையாட்டு நடந்துகொண்டேதான் இருக்கும். அந்த நேரம் நான் இரண்டு பையன்களை எல்லைக் கோட்டோரம் நிறுத்தி, போனில் எனக்குச் சொல்ல வைத்து, அதைக் கூட்டத்துக்குச் சொல்லியிருக்கிறேன். பெரியவர் சொன்னது சரிதான், ஆனாலும் ராஜாவைக் கேட்டுப் பழகினதும் வீண் போகவில்லை.

மலைக்குள் மைக் பிடிப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எதிரொலி. சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். எதிரே 170 மீட்டரில் ஒரு மலைச்சரிவு இருந்தால் உங்கள் சொல் சரியாக ஒரு நொடி கழித்து உங்களிடமே திரும்பி வரும். நீங்கள் நிறுத்தாமல் பேசினால் முன்னால் சொன்ன சொல்லும் இப்போது சொல்கிற சொல்லும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கேட்பவனுக்கு வெறும் இரைச்சல்தான். அதனால் மைதானத்துக்குப் போனதும் முதலில் ஒரு தடவை கையைத் தட்டிப் பார்ப்பேன். திரும்பி வர எவ்வளவு நேரம் என்று எண்ணிக்கொள்வேன். என்னுடைய வசனத்தின் நீளத்தை அந்த மலைதான் தீர்மானிக்கும். ஹோர்னை மலையைப் பார்த்துக் கட்டாமல் கூட்டத்தைப் பார்த்துச் சற்றுக் கீழே சாய்த்துக் கட்டச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். ஈரத் தரையில் வெறுங்காலோடு மைக்கைத் தொட வேண்டாம். எர்த் இல்லாத செட்டில் உதடு சுண்டி இழுத்த அனுபவம் எனக்கு மூன்று தடவை உண்டு. பலகைத் துண்டு ஒன்றின்மேல் நில்லுங்கள்.

குத்துச்சண்டைக்கு நான் போனது தற்செயல். 2014இல் கண்டியில் ஒரு பாடசாலைப் போட்டிக்கு ஒலிபெருக்கி கொடுத்தவர் மாமாவின் சிநேகிதர். தோட்டப் பாடசாலைகளில் இருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், தமிழில் பேர் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே மைக் பிடித்துக்கொண்டிருந்தவர் தலை நரைத்த சிங்கள அண்ணன் ஒருவர். என்னை "மல்லி", அதாவது சிங்களத்தில் தம்பி, என்று கூப்பிட்டு, பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார வைத்தார். முதல் சுற்றுக்கு மணி அடித்ததும் நான் பழக்கதோஷத்தில் மைக்கை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக மேசையில் வைத்தார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரிங்கில் சுற்று நடக்கும்போது அறிவிப்பாளர் பேசுவதே இல்லை. வளர்ந்தவர்களின் அமெச்சூர் போட்டி என்றால் 3 நிமிடச் சுற்றுகள் 3, நடுவில் ஒவ்வொரு நிமிட ஓய்வு. மொத்தம் 11 நிமிடம். அதில் அறிவிப்பாளரின் குரல் கேட்பது ஒரு நிமிடம் கூட வராது. சிவப்பு மூலை யார், நீல மூலை யார், எத்தனையாவது சுற்று, முடிவு என்ன. மத்தியஸ்தர் சொல்லும் சொற்கள் அதைவிடக் குறைவு: ஸ்டொப், பொக்ஸ், பிரேக். அந்த மூன்றும் பிள்ளைகளின் காதில் விழ வேண்டும், அதற்காகத்தான் நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. சிங்களத்தில் நீலத்துக்கு "நில்" என்று சொல்வார்கள். அந்த அண்ணன் நீல மூலையை அறிமுகப்படுத்தும்போது அந்தச் சொல்லை நன்றாக அழுத்திச் சொல்லுவார். தோட்டத்தில் இருந்து முதன்முதலாக ரிங்குக்கு வந்த ஒரு பொடியன், படியேறிக் கயிற்றுக்குள் ஒரு காலை வைத்தவன், "நில்" என்றதும் அப்படியே நின்றுவிட்டான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பயிற்றுநர் பின்னால் இருந்து தள்ளுகிறார், அவன் அசைய மாட்டேன் என்கிறான். நான் மைக்கில் "நீல மூலை, உள்ளே வாங்க தம்பி" என்றேன். மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அந்த அண்ணனுக்குப் பிறகு விளக்கிச் சொன்னேன். அதற்கப்புறம் தோட்டப் பிள்ளைகள் வந்தால் நீலத்தை என்னிடமே விட்டுவிடுவார்.

1987இல் செய்த அரசியலமைப்புத் திருத்தத்தில் இருந்து தமிழும் இந்த நாட்டின் ஆட்சி மொழி. ரிங்கில் அது மைக் பிடிக்கிறவனின் வாயில்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் மூன்று மொழியிலும் சொல்லப் போனால் போட்டி விடிய விடிய நடக்கும். என் வழக்கம் இது: பேர் ஒரு தடவைதான், அதற்கு மொழி கிடையாது. மூலை நிறமும் முடிவும் சிங்களத்திலும் தமிழிலும். ஊர், பாடசாலை போன்ற விபரங்களை அந்தப் பிள்ளையின் வீட்டார் எந்த மொழியோ அதில். ஆங்கிலம், விருந்தினர் வந்தால் மட்டும். தமிழ் மட்டும் தெரிந்தால் போதாதா என்று கேட்கும் தம்பிகளுக்கு: தோட்டப் போட்டிக்குப் போதும், தொழிலுக்குப் போதாது.

இனி நான் செய்த பிழை. சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் அளப்பாகத்தான் தெரியும்.

மலையக நகரம் ஒன்றில், ஒரு மண்டபத்தில், இறுதிப் போட்டிகள். கடைசிக்கு முந்தின சண்டை. இரண்டு பையன்களும் சரிக்குச் சரி. ஐந்து நடுவர்களின் முடிவும் தாளில் எழுதி என் கைக்கு வந்தது. மூன்றுக்கு இரண்டு. தாளில் இரண்டு பேருடைய பேரும் மேலும் கீழுமாக இருந்தன, வென்றவருக்கு நேரே ஒரு சரி அடையாளம். மத்தியஸ்தர் நடுவில் நின்று இரண்டு பேரின் கையையும் பிடித்திருந்தார். மண்டபம் மூச்சு விடாமல் நின்றது. எனக்கு அந்த அமைதி பிடித்துப்போயிற்று. டிவியில் பார்த்த பெரிய அறிவிப்பாளர்கள் மாதிரி தலையை நிமிர்த்திக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். திரும்பக் கண் தாளுக்கு வந்தபோது ஒரு வரி கீழே விழுந்துவிட்டது. "நீல மூலை" என்றேன்.

நீல மூலைப் பையனின் கை உயர்ந்தது. அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். தோற்றவனுக்குத் தான் தோற்றது தெரியும். மற்றவன் குனிந்து கையுறையின் ஒட்டுநாடாவைப் பல்லால் கிழிக்கத் தொடங்கினான், கண்ணீரை மறைக்க அதைவிட வேறு வழி அவனுக்கு இல்லை. மேசையில் இருந்தவர்கள் எழும்பிக் கையை ஆட்டிய பிறகுதான் எனக்குக் குளிர்ந்தது. இருபது நொடி இருக்கும். எனக்கு அது இன்னும் முடியவில்லை.

மைக்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. செய்யவில்லை. "மன்னிக்க வேண்டும். நடுவர்கள் சரியாக எழுதியிருக்கிறார்கள். நான் பிழையாக வாசித்துவிட்டேன். வென்றவர் சிவப்பு மூலை" என்று இரண்டு மொழியிலும் சொன்னேன், பேரை முழுதாகச் சொன்னேன். கூ என்று கத்தினார்கள். கத்தட்டும். பிழை நடந்தால் அந்த இடத்திலேயே, நம் வாயாலேயே, நம் தலையில் போட்டுக்கொண்டு திருத்த வேண்டும். "தொழில்நுட்பக் கோளாறு" என்று மழுப்பினால் அந்த இரண்டு பிள்ளைகளும் நடுவர்களைத்தான் சந்தேகப்படுவார்கள்.

முடிந்ததும் உடை மாற்றும் அறைக்குப் போனேன். நீல மூலைப் பையன் வாங்கில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணே," என்றான், தலை நிமிராமல். "கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்திச்சு."

அன்றிலிருந்து என் சட்டைப் பையில் சிவப்புப் பேனா ஒன்று, நீலப் பேனா ஒன்று. முடிவுத் தாள் வந்ததும் வென்ற மூலையின் நிறத்தில் வட்டம் போடுவேன். தோற்றவரின் வரி தெரியாதபடி தாளை மடிப்பேன். மேற்பார்வையாளரிடம் காட்டி, அவர் தலையசைத்த பிறகுதான் ரிங்குக்குள் போவேன். வாசிக்கும்போது பெருவிரல் அந்த வரிக்குக் கீழே இருக்கும், கண் நிமிராது. வரிசையும் முக்கியம்: எப்படி வென்றார் என்பது முதலில், மூலை அடுத்து, பேர் கடைசியில். பேர் விழுந்த பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது.

அம்மா என் வேலையைப் பார்க்க வந்தது ஒரே ஒரு தடவைதான். ஹட்டனில் ஒரு போட்டி. பின்வரிசையில் கம்பளிச் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தா. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பாராட்டினார்கள், நான் பெருமையோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டா: "எல்லாம் நல்லாத்தான் பேசின. அந்தக் கடைசி பொம்பளப் புள்ளைக்கு மட்டும் ஏன்டா அரைப் பேரு போட்ட?"

எனக்குப் புரியவில்லை. அப்புறம் நினைவு வந்தது. ஒரு தோட்டத்துப் பிள்ளை, நீளமான பேர். தாளில் எழுத்துப் பிழையோடு இருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நழுவியிருந்தேன். "அதோட அம்மா எனக்குப் பக்கத்துலதான் குந்தியிருந்திச்சு. பேரு வருது வருதுன்னு முன்னுக்குச் சாஞ்சு பார்த்துக்கிட்டு இருந்திச்சு. நீ சொன்னதும் பேசாமப் பின்னுக்குச் சாஞ்சுக்கிச்சு."

சோறு இறங்கவில்லை. இத்தனை வருடமாகக் குரலையும் ஏற்ற இறக்கத்தையும் பழகினவன், அந்தத் தாளைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையிடம் "உங்க பேரை ஒருக்கா சொல்லுங்க" என்று கேட்கவில்லை.

எங்கள் ஆட்களின் பேர் படும் பாடு தனிக்கதை. தனலெட்சுமி என்று அப்பா சொல்வார். பதிவில் சிங்கள எழுத்தில் ஏறும்போது ஒரு மாதிரி ஆகும். அதைப் பார்த்துப் பாடசாலையில் ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னொரு மாதிரி. அந்த ஆங்கிலத்தைப் பார்த்துப் போட்டித் தாளில் எழுதி என் கைக்கு வரும்போது "டனலச்சிமி." அடையாள அட்டையில் ஒன்று, சான்றிதழில் ஒன்று, அம்மா கூப்பிடுவது ஒன்று. கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். டெஸ்டில் 800 விக்கெட். உலகம் முழுக்க அவர் பேரை ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதிக்கொண்டிருந்தது. 2007இல் அவுஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் அவர் பேரிலும் ஷேன் வோர்ன் பேரிலும் கிண்ணம் வைத்தபோதுதான், அவர் விரும்பும் எழுத்துக் கூட்டல் அதில் ஏறியது. அவருக்கே அந்தக் கதி என்றால் பொகவந்தலாவைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யார் பார்ப்பது?

நான் இப்போது செய்வது இதுதான். போட்டிக்கு இரண்டு நாள் முன்பே பட்டியலை வட்ஸ்அப்பில் வாங்குவேன். ஒவ்வொரு பேரையும், சிங்களப் பேரோ முஸ்லிம் பேரோ, காதில் விழுகிற மாதிரித் தமிழ் எழுத்தில் என் கையால் எழுதுவேன். நீளப் பேருக்கு மூச்சு விடும் இடத்தில் ஒரு கோடு. சமிந்த வாஸின் முழுப் பேரை எடுத்துப் பழகுங்கள்: வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். ஒரே மூச்சில், அவசரம் தெரியாமல், கடைசிச் சொல்லில் குரல் விழாமல் சொல்ல வந்தால் வேறெந்தப் பேருக்கும் பயப்படத் தேவையில்லை. போட்டி நாளில் நிறை பார்க்கும் இடத்துக்குக் காலையிலேயே போய்விடுவேன். பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவரிடமும், "உங்க பேரை உங்க வீட்டுல சொல்ற மாதிரிச் சொல்லுங்க" என்பேன். பாதிப் பேர் வெட்கத்தில் முணுமுணுப்பார்கள். மறுபடி கேட்பேன்.

சில தம்பிகள் வந்த உடனே ஒரு பஞ்ச் வசனம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் மைக்கேல் பஃபர் என்ற ரிங் அறிவிப்பாளர் தன்னுடைய ஒரு வரியை வர்த்தக முத்திரையாகவே பதிவு செய்து, அதில் பெரும் பணம் சம்பாதித்தார். உண்மைதான். ஆனால் அந்த வரியை நம் ஊரில் நாம் சொல்வது இன்னொருவன் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது மாதிரி. எனக்கென்று ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் நல்லதுதான், வாய்க்கவில்லை.

குரலைப் பற்றி. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே இரவுப் போட்டிக்குப் போனால் குளிர்காற்று நேராகத் தொண்டையில்தான் இறங்கும். மப்ளர் கட்டுங்கள், மூக்கால் மூச்சு எடுங்கள். தேயிலையில் பிறந்தவன் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: மைக் பிடிக்கும் முன் சாயத்தண்ணி, அதுதான் பால் விடாத தேத்தண்ணி, குடிக்காதீர்கள், தொண்டை காயும். வெறும் சுடுதண்ணீர், சிறுகச் சிறுக. முடிந்த பிறகு கொத்தமல்லி அவித்துக் குடிக்கலாம். குரல் கட்டிவிட்டால் கிசுகிசுத்துப் பேசுவது இன்னும் கெடுதல். பேசாமல் இருப்பதுதான் மருந்து. மைக் இருக்கிறது, அது கத்தட்டும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டுச் சாதாரணமாகப் பேசினால் போதும்.

காசு. போட்டி முடிந்தால் முதலில் கிண்ணம் கொடுப்பார்கள், அப்புறம் மேடைக்காரருக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு, சமையல்காரருக்கு. அறிவிப்பாளர் கடைசி. "நாளைக்குப் பார்ப்போமே அண்ணே" என்ற சொல்லோடு கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுப் பஸ் நிலையத்தில் விடிய விடியக் குந்தியிருந்திருக்கிறேன். இப்போது நானும் தோட்டக் கணக்குத்தான்: அரைப் பேர் கைக்கு வராமல் மைக்கைத் தொடுவதில்லை. போக்குவரத்துச் செலவு தனி. எல்லாம் வட்ஸ்அப்பில் எழுத்தில் இருக்க வேண்டும். மாமன் மச்சான் என்று பழகும் இடத்தில்தான் இது அதிகம் தேவை.

இதை மட்டும் நம்பி வயிறு வளர்க்க முடியுமா என்றால், வருடத்தில் பாதி முடியும். ஜனவரியில் இருந்து மார்ச் வரை பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகள். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்கள், வழுக்கு மரமும் தலையணைச் சண்டையும். தீபாவளிக்குத் தோட்டப் போட்டிகள். நடுவில் மழைக்காலம். அதற்குக் கல்யாணம், கோயில், கடைத் திறப்பு. 2020இல் எல்லாம் நின்றபோது ஒரு மரக்கறி லொறியில் ஏறி கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி என்று கூவினேன். கேவலமாக நினைக்கவில்லை. லொறி ஒரு வீட்டைக் கடக்கும் எட்டு நொடிக்குள் பொருளையும் விலையையும் சொல்லி முடிக்க வேண்டும், அதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைத்ததில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது கையில் பிடிக்கும் மெகாபோன் ஒன்று வாங்கினேன். இன்றும் பையில் இருக்கிறது.

ஒரு பாவமும் செய்திருக்கிறேன். ஒரு போட்டியில் ரன் அவுட் ஒன்றுக்காக இரண்டு தோட்டத்தார் விக்கெட் கட்டைகளோடு மோதிக்கொண்டார்கள். "அமைதி காக்கவும்" என்றேன், யார் கேட்டது? சட்டென்று மாமாவின் குரல் ஞாபகம் வந்தது. "மூணு வயசுப் புள்ளயக் காணோம். செகப்புச் சட்டை. கடைசியா ஓடைப் பக்கம் பார்த்தது" என்றேன். சண்டை அந்த நொடியே நின்றது. கட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு தோட்டத்தாரும் ஓடைக்கு ஓடினார்கள். நான் என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டு நின்றபோது, மூச்சு வாங்க ஒரு பெண் ஓடி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பிள்ளைக்கும் சிவப்புச் சட்டை. அவன் பாட்டியோடு பந்தலுக்குப் பின்னால் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான் என்று தெரியும் வரை அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியிருந்தது. சண்டையை நிறுத்த வேறு வழி இருக்கிறது: இரண்டு அணித் தலைவர்களையும் பேர் சொல்லி, மரியாதையோடு, மேசைக்கு வரச் சொல்லுங்கள். தன் பேர் ஊரறியக் கேட்டால் ஆள் கொஞ்சம் இறங்கி வருவான். எப்போதும் இல்லை, பெரும்பாலும்.

வரும் ஞாயிறு ஒரு போட்டி இருக்கிறது. பட்டியலில் 34 பேர். 33க்குச் சரி போட்டாயிற்று. பதினாறாவது பேர், பொம்பளைப் பிள்ளை, தாளில் இருப்பதைப் பார்த்தால் ராஜேஸ்வரியா ராசேஸ்வரியா என்று தெரியவில்லை. பயிற்றுநருக்குப் போன் போட்டேன். "ரெண்டும் ஒன்னுதானே சேர்," என்றார். இல்லை சேர், வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பிள்ளையின் அம்மா கொழுந்து மலையில் இருந்து இறங்க நாலரை ஆகுமாம். அதற்குப் பிறகு எடுக்கச் சொல்லியிருக்கிறார்.